வீட்டு வரியும் விற்பனை வரியும்

சேலையூர் கேம்ப் ரோடு முனையிலிருந்து அகரம்தென் செல்லும் சாலையில் சிறிது தூரம் நடந்தால் எங்கள் தெரு வந்துவிடும். அத்தெருவில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் ரயில்வேயில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தளத்தில் அவரும் துணைவியாரும் வாழ்கின்றனர். மாடியில் ஒரு போர்ஷன். பல்லாவரத்துப் பக்கம் தோல் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் இளைஞர் தம் குடும்பத்துடன் அதில் வாடகைக்கு இருக்கிறார். வீட்டு வரி கட்ட வேண்டிய தவணை நெருங்கிய ஒரு மாலைப் பொழுதில் பெரியவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார்.

“பாய், நான் பென்ஷன் வாங்குகிறவன். இந்த வீடு எனக்கு என்ன சம்பளமா கொடுக்கிறது? வீட்டு வரியை அடியோடு எடுத்துவிட்டுக் கடையில் வாங்குகிற சாமானில் இன்னும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கூடப் போட்டுக்கொண்டால் என்ன? செலவு செய்கிறவன் கட்டட்டுமே!” என்றார்.

மாடி வாடகையை அவர் அப்பொழுது மறந்திருந்தார், நானும் நினைவூட்டவில்லை. ஆனால் அவர் எழுப்பிய வினா என்னை விடவில்லை. மண்ணின் மீதும் மனையின் மீதும் உள்ள வரியை எடுத்துச் சந்தையின் மீது வைப்பது புதிய யோசனையன்று. நம் தமிழகமே இந்த மாற்றத்தைப் பலமுறை, இரு திசைகளிலும், செய்து பார்த்திருக்கிறது. அவ்வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்போம்.

எங்கள் ஊருக்குத் தெற்கே மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துக் கற்றளி ஒன்று உள்ளது. அத்தகைய கோயில்களின் கல்வெட்டுகளைப் படிப்போர்க்கு அக்கால வரிகளின் பெயர்கள் வியப்பூட்டும். மனைக்கு மனையிறை, தறிக்குத் தறியிறை, செக்குக்குச் செக்கிறை, கடைவீதிக்கு அங்காடிப் பாட்டம், பொற்கொல்லனுக்குத் தட்டாரப் பாட்டம். வழியிலும் துறையிலும் சரக்கின் மீது விதிக்கப்பட்டது உல்கு. வள்ளுவர் காலத்திலேயே வழங்கிய சொல் அது. பின்னர் சுங்கம் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. ஆகவே வீட்டு வரியும் விற்பனை வரியும் ஒரே கல்லில் அடுத்தடுத்த வரிகளாக ஆயிரம் ஆண்டுகளாக இருந்து வருகின்றன எனலாம்.

கி.பி. 1070இல் பட்டம் ஏறிய முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கந்தவிர்த்த சோழன்’ என்று புகழப்பட்டான். வணிகச் சரக்கின் மீதான சுங்கத்தை நீக்கியதால் வந்த பெயர் அது. அதே மன்னன் 1086ஆம் ஆண்டில் நிலங்களை மீண்டும் அளக்கச் செய்தான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்ததும் அதே ஆண்டில்தான் என்பதை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். சுங்கத்தில் விட்டதை நிலத்தில் பிடிக்கவே அளந்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று வேண்டும். ஆனால் சந்தையைக் கைவிடுகிற அரசு மண்ணை இன்னும் கூர்ந்து பார்த்தாக வேண்டும் என்பது எளிதில் விளங்கும். மக்கள் நினைவில் நின்றது சுங்கம் தவிர்த்ததே. நில அளவையைப் பாடிய புலவர் எவரும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இஸ்லாமிய வரலாற்றிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. எகிப்தின் ஆட்சியைக் கைக்கொண்ட ஸலாஹுத்தீன் அய்யூபி, அங்கு ‘மக்ஸ்’ என்று வெறுப்போடு குறிப்பிடப்பட்டு வந்த சந்தை வரிகளை நீக்கினார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1377இல் தம் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் அச்செயலை நினைவு கூர்கிறார். ஓர் அரசு இளமையில் குறைந்த, நிலையான வரிகளோடு தொடங்குகிறது. ஆடம்பரம் பெருகப் பெருகச் செலவும் பெருகுகிறது. அப்பொழுது அது கடைவீதியின் வாயிலில் போய் நின்று ஒவ்வொரு விற்பனைக்கும் பங்கு கேட்கத் தொடங்குகிறது என்பது அவர் கருத்து. விற்பனை வரியை அவர் அரசின் முதுமைக்கு அடையாளமாகக் கண்டார். இக்கால அரசுகளை அந்த ஓர் அளவுகோலால் மட்டும் அளக்க இயலாது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்தும் பொறுப்பு அவர் கண்ட அரசுகளுக்கு இவ்வளவு இருந்ததில்லை.

வரி பற்றிப் பேசுங்கால் ஒரு சிறு கிளைக்கதை. நம் தமிழில் வரி தொடர்பாக வழங்கும் சொற்களுள் பாதி அரபு, பார்சி மொழிகளிலிருந்து வந்தவை. வசூல், பாக்கி, ரசீது, ஜப்தி, கிஸ்தி, ஜமாபந்தி, தாசில்தார் ஆகிய இவற்றுள் ஒன்றேனும் அறியாத விவசாயி தமிழகத்தில் இல்லை. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி போயும் அவர்கள் கச்சேரிச் சொற்கள் போகவில்லை. அவற்றுள் மறைந்துபோன இரு சொற்கள் நம் கதைக்கு வேண்டியவை. ஒன்று சாயர், மற்றொன்று மொஹ்தர்பா.

சாயர் என்பது ஊர்விட்டு ஊர் செல்லும் சரக்கின் மீதான சுங்கம். மொஹ்தர்பா, கைத்தொழில் புரிவோரைக் குறிக்கும் ‘முஹ்தரிஃபா’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. தறி, செக்கு, கடை, சில இடங்களில் குடியிருக்கும் வீடு ஆகிய அனைத்தின் மீதும் விழுந்தது இவ்வரி. கம்பெனி ஆட்சி இரண்டையும் நவாபுகளிடமிருந்து பெற்று விடாமல் தண்டியது.

1844ஆம் ஆண்டின் 6ஆம் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் உள்நாட்டுச் சுங்கம் ஒழிக்கப்பட்டது. வழியெங்கும் இருந்த சுங்கச் சாவடிகள் மூடப்பட்டன. வணிகர் மகிழ்ந்தனர், மகிழக் காரணமும் இருந்தது. ஆனால் கம்பெனி அந்த வருவாயை இழக்க விரும்பவில்லை. உப்பு அதன் ஏகபோகத்தில் இருந்தது. உப்பின் விலையை உயர்த்தி இழப்பைச் சரிக்கட்டியது. வண்டிச் சரக்குக்குரியவன் கொடுத்ததை இனிக் கஞ்சிக்கு உப்பிடுகிறவன் கொடுக்கலானான். அதே ஆண்டு பம்பாய் மாகாணத்திலும் சுங்க ஒழிப்புக்கு ஈடாக மணங்கு உப்புக்கு 8 அணாவாக இருந்த வரி 1 ரூபாயாக்கப்பட்டது. சூரத் நகர மக்கள் திரண்டெழுந்து கலகம் செய்ய, சர்க்கார் அதை 12 அணாவாகக் குறைக்க வேண்டியதாயிற்று. நம் பக்கத்தில் அத்தகைய கலகம் எழவில்லை. உப்பு வாங்குகிறவன் தான் வரி கொடுக்கிறோம் என்றே அறியான். அறியாதவன் எங்ஙனம் கலகம் செய்வான்?

மொஹ்தர்பாவோ கண்ணுக்குத் தெரிந்த வரி. தறி வைத்தவனின் வாயிலிலேயே வந்து நின்று கேட்பார்கள். 1852இல் சென்னை சுதேசி சங்கத்தார், கஜுலு லட்சுமிநரசு செட்டியாரின் முயற்சியால் பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய மனுவில் இக்கொடுமையும் இடம்பெற்றது. 1855இல் வெளிவந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை, வரி பாக்கிக்காகக் குடிகளை வெயிலில் குனிய வைத்து நிறுத்தியதையும் விரல்களை நசுக்கியதையும் சர்க்கார் முத்திரையுடனேயே உலகிற்கு அறிவித்தது. 1860களின் தொடக்கத்தில், வருமான வரி நாட்டில் நுழைந்த அதே காலத்தில், மொஹ்தர்பா மறைந்தது. வீட்டின் மீதிருந்த சுமையும் அதனுடன் போயிற்று என்று எண்ணியவர்கள் அதிக நாள் மகிழவில்லை. 1865இல் பட்டண அபிவிருத்திச் சட்டம் வந்தது; நகராட்சிக்கென வீட்டு வரியும் வந்தது. ஆனால் இப்பொழுது அதற்கு ஒரு காரணம் கூறப்பட்டது. வீதி, விளக்கு, சுகாதாரம் ஆகியவற்றின் பொருட்டே இவ்வரி என்றார்கள். வரி கொடுப்பவன் தன் வாயிலுக்கு வெளியே நின்று, கொடுத்த பணம் என்னவாயிற்று என்று பார்க்கலாம் என்ற எண்ணம் இந்த மண்ணில் அப்பொழுதுதான் விதைக்கப்பட்டது.

வடக்கே பம்பாயிலும் பல நகரங்களிலும் வேறு வழி கண்டனர். நகர எல்லைக்குள் வரும் சரக்கின் மீது ஆக்ட்ராய் என்னும் நுழைவுச் சுங்கம் வைத்து அதனால் நகராட்சியை நடத்தினர். சென்னை மாகாணத்தில் ஆக்ட்ராய் வேரூன்றவில்லை. நம் நகராட்சிகள் வீட்டு வரியையே பெரிதும் நம்பி வளர்ந்தன. தென்னாட்டு நகரசபைக்காரர்கள் வாக்காளரின் வீட்டு வாயிலில் நின்று வரியும் கேட்க வேண்டும், வாக்கும் கேட்க வேண்டும். இத்தொல்லை பம்பாய்க்காரர்களுக்கு அவ்வளவாக இல்லை.

இனி நம் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம்.

1937ஆம் ஆண்டு எங்கள் பகுதிக்கு ஒரு புதிய விருந்தாளி வந்தது. நகரின் நெரிசலில் இருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, தாம்பரத்தை அடுத்த காட்டு நிலத்திற்கு அவ்வாண்டு இடம்பெயர்ந்தது. அதன் விடுதிகளுள் ஒன்று இன்றும் சேலையூர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே ஆண்டில் கோட்டையில் இராஜாஜி பதவி ஏற்றார். முதலமைச்சரை அந்நாளில் பிரதம மந்திரி என்றே வழங்கினர். நிதி இலாகாவும் அவரிடமே இருந்தது. 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை. அதற்கடுத்த ஆண்டு வட ஆர்க்காடு.

அக்காலச் சென்னை மாகாணத்தின் கஜானா இரு கால்களில் நின்றது. பெரிய கால் நிலவரி. மற்றது கள், சாராயத்தின் வருமானம். மொத்த வருவாயில் ஏறத்தாழக் கால் பங்கு. மதுவிலக்கால் இரண்டாவது கால் முறியத் தொடங்கிற்று. முதற்காலின் மீது அப்பாரத்தை ஏற்ற இயலாது. பொருளாதார மந்தத்தில் தானிய விலை விழுந்து குடியானவர்கள் திணறிக்கொண்டிருந்த காலம் அது. நிலவரியில் தள்ளுபடி வேண்டும் என்பதே காங்கிரஸ்காரர்களின் நெடுநாள் கோரிக்கை. இராஜாஜியின் அமைச்சரவையும் தள்ளுபடி வழங்கிற்று. அப்படியானால் பணத்திற்கு எங்கே போவது?

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் மாகாணப் பட்டியலில், பொருள் விற்பனையின் மீதும் விளம்பரங்களின் மீதும் வரி விதிக்கலாம் என்ற ஒரு வரி 48ஆவது இனமாகக் கிடந்தது. மத்திய மாகாணத்தார் அதைக் கொண்டு 1938இல் பெட்ரோலுக்கும் மசகு எண்ணெய்க்கும் மட்டும் வரி விதித்தனர். அது மாகாணத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டதே என்று ஃபெடரல் நீதிமன்றம் கூறிற்று. இராஜாஜி ஒரு படி மேலே சென்றார். எல்லாப் பண்டங்களுக்கும் பொதுவான விற்பனை வரி. 1939ஆம் ஆண்டின் 9ஆம் சட்டமாக அது நிறைவேறி, அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்திய நாட்டில் பொது விற்பனை வரி விதித்த முதல் மாகாணம் நம்முடையதே.

வரியின் அளவு இன்றைய கண்ணுக்கு வேடிக்கையாகத் தோன்றும். ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவாக வியாபாரம் செய்பவருக்கு வரியில்லை. பெரிய வணிகருக்கு நூற்றுக்கு அரை ரூபாய். இவ்வளவு சிறிய தொகையை யார் பொருட்படுத்தப் போகிறார்கள் என்பதே ஆதரித்தோரின் வாதம். வணிகர்கள் பொருட்படுத்தினார்கள், கடுமையாக எதிர்த்தார்கள். ஏனெனில் இவ்வரி ஒருமுறை விழுந்து ஓய்வதன்று. விற்கும் ஒவ்வொரு முறையும் விழும். எள் விற்றவனிடம் ஒருமுறை, செக்குக்காரன் எண்ணெய் விற்கையில் ஒருமுறை, மொத்த வியாபாரி விற்கையில் மீண்டும், கடைக்காரன் விற்கையில் மீண்டும். நால்வரும் பெரிய வணிகராயின், அரை சதவீதம் கைமாறிக் கைமாறி இரண்டு சதவீதமாகி வாணலியில் வந்து விழும். கடைசியில் அதைக் கொடுத்தவருக்கு அது எங்கே தொடங்கியது என்று தெரியாது.

இவ்வரியை ஈன்றவர் அதை வளர்க்க இருக்கவில்லை. உலகப் போரில் இந்தியாவைக் கேளாமல் இழுத்துவிட்டதைக் கண்டித்து 1939 அக்டோபர் இறுதியில் காங்கிரஸ் அமைச்சரவை விலகிற்று. போர்க்கால ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. எதற்கு ஈடாக விற்பனை வரி பிறந்ததோ அக்காரணம் போயிற்று. வரி மட்டும் போகவில்லை. நிலக்கடலை எண்ணெய் ஆலைக்காரர்கள், ஆலையிலிருந்து வெளிவரும் முதல் விற்பனைக்கு மாகாணம் வரி விதிப்பது மத்திய அரசின் கலால் உரிமையில் கை வைப்பதாகும் என்று வழக்காடினர். 1942இல் ஃபெடரல் நீதிமன்றமும் பின்னர் பிரிவி கவுன்சிலும் மாகாணத்தின் பக்கமே தீர்ப்பளித்தன. நிலத்தை நம்பி நின்ற கஜானா கடையை நம்பி நிற்கும் கஜானாவாக மாறுவதற்குச் சட்டத்தின் தடை இனி இல்லை. விடுதலைக்குப் பின் 1948இல் மாகாணம் முழுதும் மதுவிலக்கு பரவியது. விற்பனை வரியும் உயர்ந்தது. வானம் பொய்த்தால் தள்ளுபடி கேட்கும் நிலவரியைவிட, வானத்தைப் பாராமல் நாள்தோறும் வரும் இவ்வரி எந்த நிதியமைச்சருக்குத்தான் கசக்கும்?

இவ்வரி நம் சமுதாயத்தாரின் தொழில் ஒன்றை நேராகத் தொட்ட வரலாறும் உண்டு. பல்லாவரம், குரோம்பேட்டை, நாகல்கேணிப் பகுதிகளிலும், வட ஆர்க்காட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் தொழில் பெரிதும் தமிழக முஸ்லிம்களின் கையில் வளர்ந்தது. குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு தோல் தொழிற்சாலையால் வந்ததுதான். விற்பனை வரி விதிகளுள் 16ஆவது விதி தோலைப் பற்றியது. மாகாணத்திற்குள் பச்சைத் தோல் வாங்கிப் பதனிட்டால் அப்பச்சைத் தோலின் விலைக்கே வரி. வெளியிலிருந்து பதனிட்ட தோலைக் கொணர்ந்து விற்றாலோ பதனிட்ட தோலின் விலைக்கு வரி. பச்சைத் தோலுக்கும் பதனிட்ட தோலுக்கும் விலையில் உள்ள இடைவெளி தொழிலறிந்தோர்க்குத் தெரியும். மேலோட்டமாகப் பார்த்தால் இருவருக்கும் ஒரே விகிதம்; உள்ளே பார்த்தால் ஒருவர் மீது மட்டும் கூடுதல் சுமை.

ஏ.டி.பி. மஹ்தாப் மஜீத் கம்பெனியார் இதனை உச்சநீதிமன்றம் வரை கொண்டு சென்றனர். 1962 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வெளி மாநிலச் சரக்குக்கும் உள் மாநிலச் சரக்குக்கும் வரியில் பாகுபாடு கூடாது என்னும் அரசியல் சட்டத்தின் 304ஆம் பிரிவுக்கு அவ்விதி முரணானது, ஆதலின் செல்லாது. அரசு உடனே 1963இல் சிறப்புச் சட்டம் ஒன்று இயற்றிப் பழைய வசூலைக் காப்பாற்ற முயன்றது. ஏ. ஹாஜி அப்துல் ஷுகூர் கம்பெனியார் 1964இல் மீண்டும் உச்சநீதிமன்றத்தில் அதே கேள்வியை எழுப்பினர். இன்றும் மாநிலங்களிடையே வணிக வரித் தகராறு எழும்போதெல்லாம் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் முன்மாதிரிகளுள் இத்தோல் வணிகர்களின் வழக்குகள் இருக்கின்றன. நம் சமுதாயத்தின் வணிக வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பல்களையும் முத்துக்களையும் பற்றி எழுதுமளவு இதைப் பற்றி எழுதுவதில்லை என்பது என் மனக்குறை.

இவ்வழக்குகளில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அநீதியைக் கண்டுபிடித்துக் கேட்டவர் வணிகர். அவரிடம் கணக்குப் புத்தகம் இருந்தது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமும் இருந்தது. ஆனால் அவ்வரி விலையில் சேர்ந்து செருப்பாக வந்து சேர்ந்தபோது, செருப்பு வாங்கியவன் எந்த நீதிமன்றத்திற்கும் போகவில்லை, போகவும் இயலாது. 1844இன் உப்பிலும் இதுவே நடந்தது. வீட்டு வரி அதிகமாயிற்று என்று கருதுகிறவன் ஒரு வெள்ளைத்தாளில் மேல்முறையீடு எழுதலாம். புளிக்கும் சோப்புக்கும் கொடுத்த வரிக்கு மேல்முறையீடு எழுதியவரை நான் கண்டதில்லை.

வீடும் விற்பனையும் நேருக்கு நேர் மோதிய வழக்கும் நம் மாநிலத்தில்தான் எழுந்தது. ஒப்பந்தக்காரர் வீடு கட்டிக் கொடுத்தால், அதில் சேர்ந்த செங்கல்லும் சிமெண்டும் அவர் விற்ற பொருளாகுமா? ஆகும் என்றது சென்னை அரசு. 1958இல் கேனன் டங்கர்லி கம்பெனி வழக்கில் ஆகாது என்றது உச்சநீதிமன்றம். கட்டடம் கட்டுவது பிரிக்க இயலாத ஒரே ஒப்பந்தம், அதற்குள் பொருள் விற்பனை எதுவும் இல்லை என்றது. 24 ஆண்டுகள் அத்தீர்ப்பு நின்றது. 1982இல் அரசியல் சட்டத்தின் 46ஆவது திருத்தம் அத்தடையை நீக்கிற்று. அன்று முதல் வீட்டுக்காரன் கட்டும்போது விற்பனை வரி, கட்டிக் குடிபுகுந்தபின் வீட்டு வரி என இரண்டையும் தருகிறான். ஒன்றுக்கு ஒன்று ஈடு என்பதெல்லாம் பேச்சளவில்தான். பழையதை எடுக்கிறோம் என்று புதியதைக் கொண்டு வருவார்கள். சில ஆண்டுகளில் இரண்டும் அருகருகே அமர்ந்திருக்கும்.

மதுவின் கதையோ இதனினும் விந்தை. மதுவிலக்கு 1971இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றி, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்தலாயிற்று. 2023-24ஆம் ஆண்டில் மதுவினால் அரசுக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் பெரும்பகுதி கலால் வரியன்று, விற்பனை வரி! கள்ளுக்கடையை மூடுவதற்காகப் பிறந்த வரி இன்று மதுக்கடையிலிருந்தே மிகுதியாக விளைகிறது. 1939இல் சட்டமன்றத்தில் அமர்ந்திருந்தோர் எவரேனும் இதைக் கனவிலேனும் கண்டிருப்பார்களா?

விற்பனை வரிக்கும் பல அவதாரங்கள் ஆயின. 1959இன் சட்டம் பல பண்டங்களுக்கு ஒருமுனை வரியாக்கி, கைமாறுந்தோறும் ஏறும் கொடுமையைக் குறைத்தது. 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரி. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி. இந்தக் கடைசி மாற்றத்தால் விகிதத்தை மாற்றும் அதிகாரம் கோட்டையிலிருந்தும் நழுவி, மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்த கவுன்சிலுக்குப் போய்விட்டது. சிமெண்டின் மீதான 28 சதவீதம் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமானதும் அங்கு எடுக்கப்பட்ட முடிவே. பம்பாய் நகராட்சியின் நூற்றாண்டுப் பழமை வாய்ந்த ஆக்ட்ராயும் 2017 ஜூலையில் மறைந்தது. இந்தியாவிலேயே செல்வம் மிக்க அந்நகராட்சி இப்பொழுது மாநில அரசின் ஈட்டுத் தொகையை எதிர்பார்த்திருக்கிறது. தன் எல்லையில் தானே தண்டிய பணத்தை இழந்த நகரம், பிறர் கையால் அளந்து தருவதைப் பெறும் நகரமாயிற்று.

இதனை எங்கள் ஊருக்குப் பொருத்திப் பார்க்கிறேன். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம் முதலிய 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. சேலையூர் அதற்குள் அடங்கியது. இங்கு மண் முழுவதும் வரி தருவதன்று. ரயில்வே நிலமும் விமானப்படைத் தளமும் மத்திய அரசின் உடைமைகள். அரசியல் சட்டத்தின் 285ஆம் பிரிவு அவற்றுக்கு உள்ளூர் வரியிலிருந்து விலக்களிக்கிறது. கல்விக்கூடங்களுக்கும் வழிபாட்டு இடங்களுக்கும் விலக்குண்டு. எஞ்சிய வீடுகளும் கடைகளும்தான் கொடுக்க வேண்டும். அந்த வீட்டு வரியும் இல்லையென்றால்? கேம்ப் ரோடு கடைகளில் நாம் கொடுக்கும் கூடுதல் விற்பனை வரி டெல்லிக்கும் கோட்டைக்கும் போய், அங்கிருந்து நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி பங்காகத் திரும்பி வரும். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்தில் ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்கு என்பது இங்குள்ள ஏற்பாடு. அந்தப் பத்தில் ஒன்றை எல்லா ஊராட்சிகளும் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். எங்கள் தெருவுக்குக் கழிவுநீர்க் கால்வாய் வேண்டுமானால் யாரிடம் கேட்பது என்பதே அப்பொழுது மாறிப்போகும்.

அமெரிக்க நாட்டில் இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. 1994இல் மிச்சிகன் மாநில மக்கள் வாக்கெடுப்பின் மூலம் பள்ளிகளுக்கான சொத்து வரியைப் பெரிதும் குறைத்து, விற்பனை வரியை 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக உயர்த்திக்கொண்டனர். ஏழை வட்டாரப் பள்ளிகளுக்கு இதனால் நன்மை உண்டாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. வளமான ஊரின் வீடுகள் தந்த பணம் வளமான ஊரின் பள்ளிக்கே போன நிலை மாறியது. ஆனால் பள்ளிக்கு எவ்வளவு என்னும் முடிவு ஊரிலிருந்து தலைநகருக்குப் போயிற்று. வடக்கு டகோட்டா மாநிலத்தில் சொத்து வரியை அறவே ஒழிக்கும் யோசனை 2012இலும் 2024இலும் மக்கள் முன் வைக்கப்பட்டது. இருமுறையும் மக்கள் வேண்டாம் என்றனர்.

என் அண்டை வீட்டுக்காரர் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் தள்ளிவிட மாட்டேன். வருமானத்தைப் பார்க்காமல் மதிப்பைப் பார்ப்பது வீட்டு வரியின் பெருங்குறை. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஏரிக்காற்று வாங்க வந்து மலிவாக மனை வாங்கியவர், சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்ததால் தாம் செல்வராகிவிட்டதாக அறிவிக்கப்படுகிறார். அவர் கையில் இருப்பதோ பழைய பென்ஷன். 2022இல் தமிழகமெங்கும் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டபோது, சிறு வீடுகளுக்குக் குறைவாகவும் பெரியவற்றுக்கு மிகுதியாகவும் வைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. பல்லாண்டுகள் தேர்தலுக்கு அஞ்சி உயர்த்தாமலிருந்து ஒரே மூச்சில் உயர்த்தியதில் அந்த நியாயம் பலர் கண்ணுக்குப் படாமற் போயிற்று. கைம்பெண்களுக்கும் வருவாயற்ற முதியவர்களுக்கும் தவணையோ ஒத்திவைப்போ வேண்டும் என்று கேட்பது முறையே. அதற்காக வரியையே கடைத்தெருவுக்குத் தள்ளினால் அதைச் சுமக்கப் போகிறவர் யார் என்பதை நாம் பார்க்க வேண்டாமா?

அதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்து அதே திண்ணையில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மாடி வீட்டு இளைஞர் வேலை முடிந்து வந்தார். பெரியவர் தம் யோசனையை அவரிடமும் சொன்னார். இளைஞர் சிறிது யோசித்துவிட்டு, “வீட்டு வரி போய்விட்டால் வாடகையில் குறைப்பீர்களா ஐயா? கடையில் கூடுகிறது எனக்கும் கூடுமே” என்றார்.

பெரியவர் சிரித்தார். வாடகை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “மாதக் கடைசிக்குள் கட்டினால் ஐந்து சதவீதம் கழிவு உண்டாமே, பாய்? கணினியில் கட்டத் தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டார். என் பேரனை அழைத்தேன். சிறிது நேரத்தில் ரசீது வந்தது. மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்துவிட்டு, பாக்கி எதுவும் இல்லையே என்று இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு எழுந்தார் பெரியவர்.